ஏற்காட்டு விடுதி சுவிட்சில் மூன்று கான்ஃபிக் கோப்புகள்: எதை வைத்துக்கொள்வது, நகலை எங்கே வைப்பது?

அடிவாரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு சில சிறிய நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பராமரித்து வருகிறேன். அண்மையில் ஏற்காடு ஏரிக்கு அருகில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் வேலையும், அதே உரிமையாளருக்குச் சேலத்தில் உள்ள அலுவலகத்தின் வேலையும் என்னிடம் வந்தன. விடுதியில் இருப்பது ஹெச்பி ப்ரோகர்வ் குடும்பத்தைச் சேர்ந்த, பிற்பாடு அரூபா என்ற பெயரில் வந்த 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச். சேலம் அலுவலகத்தில் இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960. இதற்கு முன் பராமரித்தவர் எந்தக் குறிப்பும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

சென்ற வாரம் மலையில் இடியோடு பெய்த கோடை மழையில் மின்சாரம் நெடுநேரம் நின்று, யுபிஎஸ்ஸும் தீர்ந்து, சுவிட்ச் அணைந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் சுவிட்ச் எழுந்தது. ஆனால் விருந்தினர் வைஃபைக்கு ஒதுக்கியிருந்த விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) அதில் இல்லை. விருந்தினர்களின் கைப்பேசிகள், பில் போடும் கணினிகள் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஐபி முகவரி வாங்கத் தொடங்கிவிட்டன. நான் மேலே சென்று கன்சோல் கேபிளை மாட்டி, அந்த விலானைக் கையால் மறுபடியும் உருவாக்கி, சேமிப்பதற்கான ‘ரைட் மெமரி’ கட்டளையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

எனக்குப் புரியாதது இதுதான். சுவிட்சின் அமைப்பைச் சேமித்து வைக்கும் கான்ஃபிக் கோப்புகளை ‘ஷோ கான்ஃபிக் ஃபைல்ஸ்’ என்று கேட்டால் மூன்று பெயர்கள் வருகின்றன: கான்ஃபிக்1, சீசன், நியூ. கான்ஃபிக்1 என்பதற்கு நேரே ‘ஆக்ட்’, ‘ப்ரி’ ஆகிய இரண்டு பத்திகளிலும் நட்சத்திரக் குறி இருக்கிறது. சீசன் என்பதற்கு ‘செக்’ பத்தியில் மட்டும் குறி. நியூ என்பதற்கு எந்தக் குறியும் இல்லை. மின்தடைக்கு முன்பு விருந்தினர் வைஃபை பல மாதங்களாகச் சரியாக ஓடியது என்று விடுதியில் உள்ளவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த அமைப்பு எங்கே போனது? இந்த மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? மே மாதக் கோடை விழாக் காலத்துக்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தானா? ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக முடியாது. மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே சேலத்திலிருந்தே பாதுகாப்பாக மாற்றங்களைச் செய்யும் முறையையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சிஸ்கோ சுவிட்சுக்கும் இதே ஒழுங்கு பொருந்துமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


சேர்வராயன் பதில்:

வணக்கம். உங்கள் கேள்விக்கான விடை அந்த நட்சத்திரக் குறிகளிலேயே இருக்கிறது. இந்தச் சுவிட்ச் வகையில் இரண்டு இயங்குதளப் பிரதிகளுக்கு இடம் உண்டு: பிரைமரி ஃப்ளாஷ், செகண்டரி ஃப்ளாஷ் (ஃப்ளாஷ் என்பது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்). கான்ஃபிக் கோப்புகள் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். ‘ஆக்ட்’ என்பது இப்போது பயன்பாட்டில் உள்ள கோப்பு. ‘ப்ரி’ என்பது பிரைமரியிலிருந்து எழும்போது வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் கோப்பு. ‘செக்’ என்பது செகண்டரியிலிருந்து எழும்போது எடுத்துக்கொள்ளப்படும் கோப்பு.

நடந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு முன் இருந்தவர் விருந்தினர் விலானை நியூ என்ற கோப்பில் அமைத்து, ‘பூட் சிஸ்டம் ஃப்ளாஷ் பிரைமரி கான்ஃபிக் நியூ’ என்ற கட்டளையால் சுவிட்சை எழுப்பியிருக்கிறார். அந்தக் கட்டளை அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். வழக்கமாக எந்தக் கோப்பை எடுப்பது என்ற ஏற்பாட்டை அது மாற்றாது. அன்றிலிருந்து மின்தடை வரும் வரை சுவிட்ச் நியூவில்தான் ஓடியிருக்கிறது. அவர் கொடுத்த ஒவ்வொரு ‘ரைட் மெமரி’யும் நியூவில்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டளை அந்நேரம் பயன்பாட்டில் உள்ள கோப்பில்தான் எழுதும். மின்சாரம் போய்த் திரும்பியதும் சுவிட்ச் தன் வழக்கப்படி கான்ஃபிக்1ஐ எடுத்துக்கொண்டது. ஆக, அமைப்பு எங்கும் போய்விடவில்லை. ‘ஷோ கான்ஃபிக் நியூ’ என்று கேட்டுப் பாருங்கள். விருந்தினர் விலான் அதில் இருக்க வேண்டும்.

அதனால் எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். மூன்று கோப்புகளையும் முதலில் சுவிட்சுக்கு வெளியே எடுத்து உங்கள் லேப்டாப்பில் வையுங்கள். நீங்கள் கையால் விலான் சேர்த்துச் சேமித்தது கான்ஃபிக்1இல் போயிருக்கிறது. எனவே இப்போது கான்ஃபிக்1, நியூ இரண்டிலும் விருந்தினர் விலான் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்தெந்தப் போர்ட் எந்த விலானில் டேக் செய்யப்பட்டுள்ளது (விலான் எண் குறியோடு செல்லும்படி அமைக்கப்பட்டுள்ளது), எதில் டேக் இல்லாமல் உள்ளது என்பதைத் தனியாகப் பாருங்கள். அவசரத்தில் கையால் அமைக்கும்போது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) மாட்டிய போர்ட் ஒன்று விட்டுப்போவது எளிது. நியூவே முழுமையானது என்று உறுதியான பின் ‘ஸ்டார்ட்அப்-டிஃபால்ட் பிரைமரி கான்ஃபிக் நியூ’ என்று கொடுத்தால், அடுத்த முறை மின்சாரம் போய் வந்தாலும் சுவிட்ச் அதையே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு முறை ரீபூட் செய்து, நட்சத்திரக் குறிகள் மூன்றும் நீங்கள் எண்ணிய இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மூன்று இடங்களையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதில் என் முறையைச் சொல்கிறேன். ஒன்று, அன்றாடம் ஓடுவது. இன்னொன்று, கடைசி மாற்றத்துக்கு முன்பு சரியாக ஓடிய நிலை. மூன்றாவது, மிகக் குறைந்த வரிகள் கொண்ட மீட்புக் கோப்பு: நிர்வாக ஐபி முகவரி, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழி விடும் முகவரி), அப்லிங்க் போர்ட் (வெளி இணைப்பு வரும் போர்ட்), எஸ்எஸ்ஹெச் நுழைவு (தொலைவிலிருந்து குறியாக்கத்தோடு உள்ளே வரும் வழி), இவை மட்டும். மீட்புக் கோப்பைச் செகண்டரிக்கு ஒதுக்கிவிடுங்கள். ஆனால் செகண்டரியில் உள்ள இயங்குதளம் மிகப் பழையதாக இருந்தால், புதிய பதிப்பில் எழுதிய கோப்பின் சில வரிகள் அதற்குப் புரியாமல் போகும். மீட்புக் கோப்பைச் சிறியதாக வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முந்தைய நிலைக் கோப்பைப் புதுப்பிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ‘காப்பி கான்ஃபிக்’ கட்டளையால் சுவிட்சுக்குள்ளேயே நகல் எடுக்க வேண்டுமானால் மூன்றில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். மூன்றும் நிறைந்திருக்கும்போது பழைய நகலை ‘இரேஸ் கான்ஃபிக்’ என்று அதன் பெயரைச் சொல்லி அழித்துவிட்டுத்தான் புதிய நகல் எடுக்க முடியும். அழிக்கும் நேரத்தில் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பெயரைச் சொல்லாமல் ‘இரேஸ் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ என்று கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பே தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும்.

சேலத்திலிருந்து மாற்றம் செய்வதற்கு ‘ரீலோட் ஆஃப்டர்’ என்ற கட்டளை இருக்கிறது. மாற்றத்தைத் தொடங்கும் முன், ஓடுகிற அமைப்பும் சேமித்த அமைப்பும் ஒன்றுதானா என்று ‘ஷோ கான்ஃபிக் ஸ்டேட்டஸ்’ மூலம் பாருங்கள். ஒன்றாக இருந்தால், பத்து நிமிடத்தில் தானாக ரீபூட் ஆகும்படி நேரம் வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். தொடர்பு அறுந்துபோனால், பத்தாவது நிமிடம் சுவிட்ச் தானே எழுந்து, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பி, உங்களுக்கு மறுபடியும் வழி விடும். தொடர்பு நன்றாக இருந்தால் ‘நோ ரீலோட்’ கொடுத்து நேரத்தை நீக்கிவிட்டு, அதற்குப் பிறகே ‘ரைட் மெமரி’ கொடுங்கள். இடையில் சேமித்துவிட்டால் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை, ஏனென்றால் ரீபூட் ஆகி எழும்போது தவறான அமைப்பே எழும். விருந்தினர்கள் அறைக்குத் திரும்பும் மாலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஒரு ரீபூட் என்பது விடுதி முழுவதற்கும் சில நிமிட இருட்டடிப்பு.


கொண்டலாம்பட்டி பதில்:

சேர்வராயன் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். சிஸ்கோவைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் ஒழுங்கு ஒன்றுதான் என்றாலும் கோப்புகள் இருக்கும் விதம் வேறு.

கேட்டலிஸ்ட் 2960இல் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ரேமில் இருக்கிறது. சேமித்த அமைப்பு என்விரேமில் (அணைத்தாலும் அழியாத நினைவகம்) இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் ஃப்ளாஷில் கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்ற கோப்பாகத்தான் இருக்கும். ‘ஷோ ஃப்ளாஷ்’ கொடுத்துப் பார்த்தால், அதன் அருகிலேயே ப்ரைவேட்-கான்ஃபிக்.டெக்ஸ்ட், விலான்.டேட் என்று இன்னும் இரண்டு பெயர்களைக் காண்பீர்கள். பலரும் முதல் கோப்பை மட்டும் நகல் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சுவிட்ச் பழுதாகி, புதியதில் அந்த நகலை ஏற்றிய பிறகுதான் விலான்களின் பெயர்களும், ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) வழியாக மட்டும் கடந்து செல்லும் விலான்களும் வரவில்லை என்று தெரிய வருகிறது. விடிபியில் (சுவிட்சுகளுக்கு இடையே விலான் பட்டியலைப் பகிரும் சிஸ்கோ முறை) சர்வர் நிலையில் உள்ள சுவிட்ச் தன் விலான் பட்டியலை விலான்.டேட் கோப்பில்தான் வைத்துக்கொள்கிறது. கான்ஃபிக் கோப்பில் எழுதுவதில்லை. அலுவலகத்தில் இருப்பது ஒன்றிரண்டு சுவிட்சுகள்தான் என்றால், விடிபியை ட்ரான்ஸ்பேரண்ட் நிலைக்கு (மற்றச் சுவிட்சுகளின் பட்டியலை ஏற்காத நிலை) மாற்றிவிடுவதே நல்லது. அப்போது விலான் வரிகள் கான்ஃபிக் கோப்பிலேயே வந்துவிடும்; ஒரே கோப்பை நகல் எடுத்தால் போதும். விடிபியால் வரக்கூடிய இன்னொரு பெரிய ஆபத்தும் அதோடு நீங்கும்: அதே டொமைன் பெயரும் அதிக ரிவிஷன் எண்ணும் கொண்ட பழைய சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால், அதில் உள்ள பட்டியல் மற்றச் சுவிட்சுகளின் பட்டியலை அழித்துவிடும்.

எஸ்எஸ்ஹெச்சுக்கான ஆர்எஸ்ஏ குறியாக்கச் சாவியும் நகலில் வராது. புதிய சுவிட்சில் கான்ஃபிக்கை ஏற்றிய பின் அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். அதைச் செய்யாமல் அலுவலகத்தில் மாட்டிவிட்டால், தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடியாது.

அடுத்து, நகலைத் திரும்ப ஏற்றும் முறை. கோப்பை ரன்னிங்-கான்ஃபிக் (ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு) மீது ‘காப்பி’ செய்தால் அது பழையதை நீக்கிவிட்டு எழுதாது, இருப்பதோடு சேர்த்துவிடும். நேற்று நீங்கள் தவறாகச் சேர்த்த ஒரு வரி, நகலில் இல்லை என்பதற்காக நீங்கிவிடாது. ஒரு போர்ட்டை ஷட்டவுன் செய்திருந்தால், நகலை ஏற்றிய பின்பும் அது ஷட்டவுனிலேயே கிடக்கும், ஏனென்றால் திறந்திருக்கும் போர்ட்டுக்கு ‘நோ ஷட்டவுன்’ என்ற வரியை நகல் வைத்துக்கொள்வதில்லை. முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்ப ‘கான்ஃபிகர் ரீப்ளேஸ்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது இரண்டையும் ஒப்பிட்டு, கூடுதலாக உள்ளதை நீக்கி, குறைவதைச் சேர்க்கும்.

இதற்குத் துணையாக ‘ஆர்க்கைவ்’ பகுதியை அமைத்துவிடுங்கள். அதில் ‘பாத்’ என்று இடத்தைக் குறிப்பிட்டு, ‘ரைட்-மெமரி’ என்ற வரியையும் சேர்த்தால், நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் எண் இட்ட ஒரு நகல் தானாகவே அங்கே சேரும். 14 நகல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ‘ஷோ ஆர்க்கைவ் கான்ஃபிக் டிஃபரன்சஸ்’ கொடுத்தால் இரண்டு நகல்களுக்கு இடையே எந்த வரி கூடியது, எது குறைந்தது என்று கூட்டல் கழித்தல் குறிகளோடு காட்டும். தொலைவிலிருந்து மாற்றம் செய்யும்போது ‘ரீலோட் இன் 10’ என்ற பழைய வழி எப்போதும் உண்டு. ஆர்க்கைவ் அமைந்திருந்து, உங்கள் ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) பதிப்பும் இடம் கொடுத்தால், ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5’ என்று தொடங்குவது அதைவிடச் சிறந்தது. ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ கொடுக்கவில்லை என்றால், ரீபூட் ஆகாமலேயே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அலுவலகத்தில் யாருக்கும் நெட்வொர்க் நின்றது கூடத் தெரியாது.


ஆத்தூர்_வலை பதில்:

என்னிடம் இருப்பவை ஜூனிப்பர் சுவிட்சுகள் என்பதால் சுருக்கமாக ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தால் வழக்கமாகப் பத்து நிமிடம் காத்திருந்து, நாம் மறுபடியும் ‘கமிட்’ சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முந்தைய 49 நிலைகள் வரை ‘ரோல்பேக்’ செய்யலாம். பிற்காலத்தில் மலைக்குப் புதிய சுவிட்ச் வாங்கும் பேச்சு வந்தால், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இந்த வசதி இருக்கிறதா என்பதை விலைக்கு முன்பாகக் கேளுங்கள்.


அடிவாரம் எழுதியது:

மிக்க நன்றி. சேர்வராயன் ஐயா கணித்ததே உண்மை. நியூ கோப்பில் விருந்தினர் விலான் முழுமையாக இருக்கிறது. கான்ஃபிக்1ஓடு ஒப்பிட்டதில், நியூவில் 19ஆம் போர்ட் விருந்தினர் விலானில் டேக் செய்யப்பட்டிருந்தது. இப்போது ஓடுவதில் அது இல்லை. தோட்டத்துப் பக்கக் குடில்களில் வைஃபை வரவில்லை என்று விடுதியிலிருந்து வந்த புகாருக்குக் காரணமும் அதிலேயே தெரிந்துவிட்டது.

சீசன் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 17 முதல் 20 வரையுள்ள போர்ட்டுகளில் கூடுதல் ஆக்சஸ் பாயிண்டுகளுக்கான அமைப்பும், புல்வெளியில் போடும் தற்காலிக உணவுக் கடையின் பில் இயந்திரத்துக்கான அமைப்பும் இருக்கின்றன. உரிமையாளர் இதை விட்டுவிட விரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நீங்கள் சொன்ன மூன்று இடங்களில் சீசனுக்கு இடமே இல்லையே? அதற்கு என்ன செய்வது?


சேர்வராயன் பதில்:

சீசன் கோப்பைச் சுவிட்சில் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உரிமையாளருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, ஒரே கடைக்கு இரண்டு பேரேடு எழுதுவது போன்றது இது. ஜூன் முதல் ஏப்ரல் வரை அன்றாடக் கோப்பில் எத்தனையோ மாற்றங்கள் நடக்கும்: புதிய கேமரா வரும், ஒரு கடவுச்சொல் மாறும், கேட்வே முகவரி மாறும், பழைய எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் முறை) பெயர் நீக்கப்படும். அவற்றில் ஒன்று கூடச் சீசன் கோப்பில் ஏறாது. அடுத்த மே மாதம் அதை எடுத்துப் போடும்போது சுவிட்ச் ஓராண்டு பின்னால் போய்விடும். அதுவும் விடுதி நிரம்பி வழியும் வாரத்தில். நீங்கள் மாற்றிய பழைய கடவுச்சொல்லும் அதோடு உயிர் பெற்று வரலாம் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கோப்பை மாற்ற ரீபூட் வேண்டும். நான்கு போர்ட்டுகளைத் திறப்பதற்காக விடுதி முழுவதையும் நிறுத்துவது தேவையற்றது.

மூன்றாவது, யார் எந்தக் கோப்பில் சேமித்தார்கள் என்ற குழப்பம். உங்களுக்கு நேர்ந்ததே அதுதான். பயன்பாட்டில் உள்ள கோப்பு ஒன்று, வழக்கமாக எழும் கோப்பு வேறொன்று என்ற நிலை நெடுநாள் நீடித்ததால்தான் மின்தடை அன்று அமைப்பு தலைகீழானது. ரீபூட் ஆன பின் எது எழுமோ, அதில்தான் இன்று ஓட வேண்டும். சோதனைக்காக ஒரு முறைக் கட்டளையைப் பயன்படுத்தினால், சோதனை முடிந்த அன்றே வழக்கமான ஏற்பாட்டையும் திருத்திவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சீசனுக்கு வேண்டிய விலான்களையும் போர்ட் அமைப்புகளையும் அன்றாடக் கோப்பிலேயே நிரந்தரமாக எழுதிவிடுங்கள். 17, 18, 20 ஆகிய போர்ட்டுகளை ‘டிசேபிள்’ செய்து வையுங்கள். 19 இப்போதே பயன்பாட்டில் இருப்பதால் அதைத் தொட வேண்டாம். கோடை விழா வரும்போது அந்த மூன்றையும் ‘எனேபிள்’ செய்தால் போதும். விழா முடிந்ததும் மறுபடியும் மூடிவிடலாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘நேம்’ என்று பெயர் கொடுங்கள், ‘மே-புல்வெளி-பில்’ என்பது போல. அடுத்து வருபவர் அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார். பயன்படாத நாள்களில் போர்ட் மூடிக் கிடப்பது பாதுகாப்புக்கும் நல்லது. புல்வெளியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கேபிளில் யார் வேண்டுமானாலும் மடிக்கணினியை மாட்ட முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது.


செவ்வாய்ப்பேட்டை பதில்:

நகலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சுவிட்சுக்குள் மூன்று கோப்புகள் இருப்பது மாற்றங்களைச் சரிசெய்துகொள்வதற்கு உதவும். அது பாதுகாப்பு நகல் ஆகாது. மின்னல் சுவிட்சை எரித்துவிட்டால் மூன்றும் சேர்ந்தே போகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கோடை மழையும் இடியும் வழக்கமாக உள்ள ஊரில், அதை நடக்காத விஷயமாகக் கருதக் கூடாது.

நகலை எடுக்கும் வழி பற்றி. டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை எளிது, ஆனால் அதில் பயனர் பெயரும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. கோப்பு அப்படியே வெளிப்படையாக நெட்வொர்க்கில் போகும். நீங்கள் சேலத்திலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் குறியாக்கத்தோடு அனுப்பும் எஸ்சிபி அல்லது எஸ்எஃப்டிபி பயன்படுத்துங்கள். ப்ரோகர்வ் வகையில் ‘ஐபி எஸ்எஸ்ஹெச் ஃபைல்ட்ரான்ஸ்ஃபர்’ என்று கொடுத்தால் அது இயங்கத் தொடங்கும். டிஎஃப்டிபி அதோடு நின்றுவிடும். அதன் பின் எஸ்சிபி மூலம் ‘சிஎஃப்ஜி’ என்ற அடைவுக்குள் உள்ள ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

கையால் எடுக்கும் நகல் சில மாதங்களில் மறந்துபோகும். சேலம் அலுவலகத்தில் எப்போதும் ஓடும் கணினி ஒன்று இருந்தால், அதில் ஆக்ஸிடைஸ்ட் அல்லது ரான்சிட் போன்ற திறந்தமூல மென்பொருளை நிறுவிவிடுங்கள். இரண்டுமே நீங்கள் வைத்திருக்கும் இரண்டு வகைச் சுவிட்சுகளையும் அறியும். குறித்த இடைவெளியில் உள்ளே சென்று, கான்ஃபிக்கை எடுத்து, முந்தையதிலிருந்து மாறியிருந்தால் மட்டும் புதிய பதிப்பாகப் பதிவு செய்துகொள்ளும். ஆக்ஸிடைஸ்டைக் கிட் (மாற்றங்களைப் பதிப்பு வாரியாகப் பதிவு செய்யும் மென்பொருள்) களஞ்சியத்தில் வைக்கும்படி அமைத்தால், எந்த நாளில் எந்த வரி மாறியது என்பதை நெடுங்காலத்துக்குப் பின்பும் பார்க்க முடியும். நீங்கள் செய்யாத ஒரு மாற்றம் அதில் தெரிந்தால், வேறு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு முன்நிபந்தனை சுவிட்சின் கடிகாரம் சரியாக இருப்பது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சேவை எட்டாத சிஸ்கோ சுவிட்ச் எழும்போது 1993 மார்ச் 1 என்று சொல்லும். ப்ரோகர்வ் 1990 ஜனவரி 1 என்று சொல்லும். பதிவுகளில் அந்தத் தேதிகளைப் பார்த்தால், மின்சாரம் போய் வந்திருக்கிறது, நேரச் சேவையகத்தை எட்ட முடியவில்லை என்று பொருள். மாற்றம் எப்போது நடந்தது என்று தேடும்போது இந்தக் குழப்பம் வேண்டாம். இரண்டிலும் நேரத்தை அமைத்துவிடுங்கள்.

கான்ஃபிக் கோப்பு என்பது ரகசிய ஆவணம் என்பதையும் மனத்தில் வையுங்கள். சிஸ்கோவில் 7 என்ற எண்ணோடு வரும் கடவுச்சொற்கள் மறைக்கப்பட்டவை போலத் தோன்றும். ஆனால் அவற்றை நொடியில் திரும்ப எடுத்துவிடலாம். எஸ்என்எம்பி பெயர்களும் ரேடியஸ் (பயனரைச் சரிபார்க்கும் சேவை) சாவிகளும் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். ஆகவே கோப்பை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். இதுபோன்ற இடங்களில் உதவி கேட்டுப் பகிரும்போது அந்த வரிகளை நீக்கிவிட்டுப் பகிருங்கள். ப்ரோகர்வ் வகையில் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ‘இன்க்லூட்-கிரெடென்ஷியல்ஸ்’ கொடுக்காத வரை, மேலாளர் கடவுச்சொல் கோப்பில் எழுதப்படவே மாட்டாது. பகிர்வதற்கு அது வசதி. ஆனால் அந்த நகலைப் புதிய சுவிட்சில் ஏற்றினால், கடவுச்சொல்லே இல்லாத சுவிட்ச் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் தெரிந்தே தேருங்கள்; கடவுச்சொல்லோடு எடுக்கும் நகலைப் பூட்டிய இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, நகலை ஒரு முறையாவது இன்னொரு சுவிட்சில் ஏற்றிப் பாருங்கள். அதே மாடலில் பழையது ஒன்று வாங்கிச் சேலத்தில் வைத்துக்கொண்டால், சோதனைக்கும் ஆகும், அவசரத்துக்கும் ஆகும். வேறு மாடல் வேண்டாம்: ப்ரோகர்வ் கோப்பின் முதல் வரியிலேயே ஜே என்று தொடங்கும் மாடல் எண் இருக்கும், அது பொருந்தாவிட்டால் சுவிட்ச் கோப்பை ஏற்காது. ஏற்றும்போது நேராக ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் மீது எழுதாமல், ஒரு பெயர் கொடுத்துக் காலி இடத்தில் இறக்குங்கள். நேராக எழுதினால் சுவிட்ச் உடனே ரீபூட் ஆகிவிடும். பெயரிட்ட இடத்தில் இறக்கினால், நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் விரும்பும் நேரத்தில் அதிலிருந்து எழுப்பலாம்.


அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செய்து முடித்ததை, இதே நிலையில் உள்ள வேறு யாருக்கேனும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று கோப்புகளையும் எஸ்சிபி, கன்சோல் இரண்டின் வழியாகவும் வெளியே எடுத்து வைத்த பிறகு, நியூவைப் பிரைமரிக்கு உரிய கோப்பாக்கி ரீபூட் செய்தேன். 19ஆம் போர்ட் திரும்பியது. தோட்டத்துக் குடில்களில் வைஃபை வந்துவிட்டது. நியூ என்ற பெயர் யாருக்கும் எதையும் சொல்லாது என்பதால் அதை ‘மெயின்’ என்று மாற்றினேன். சீசனில் இருந்த போர்ட் அமைப்புகளைச் சேர்வராயன் ஐயா சொன்னபடி மெயினில் எழுதி, 17, 18, 20 ஆகியவற்றை மூடி, பெயரிட்டு வைத்துவிட்டேன். காரணங்களை விளக்கிய பின் உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். சீசன் கோப்பை அழித்து, அந்த இடத்தில் மீட்புக் கோப்பை வைத்துச் செகண்டரிக்கு ஒதுக்கினேன். கான்ஃபிக்1ஐ நீக்கி, மெயினின் நகலை ‘முந்தையது’ என்ற பொருளில் ‘ப்ரீவ்’ என வைத்திருக்கிறேன்.

செகண்டரியில் இருந்த இயங்குதளம் பழையதாகத்தான் இருந்தது. இருந்தும் ‘பூட் சிஸ்டம் ஃப்ளாஷ் செகண்டரி’ கொடுத்துப் பார்த்ததில் மீட்புக் கோப்பு முழுதாக ஏறியது. சேலத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையவும் முடிந்தது.

சேலத்தில் பழைய சுவிட்ச் விற்பவரிடம் அதே மாடல் ஒன்று கிடைத்தது. நகலை ஏற்றியபோது செவ்வாய்ப்பேட்டை அவர்கள் எச்சரித்தபடியே கடவுச்சொல் இல்லாமல் எழுந்தது. ‘இன்க்லூட்-கிரெடென்ஷியல்ஸ்’ கொடுத்து எடுத்த தனி நகல் ஒன்றை, குறியாக்கம் செய்த யுஎஸ்பியில் அலுவலகப் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். ஆக்ஸிடைஸ்ட் எடுக்கும் நகல்கள் தனிக் கணினியில் சேர்கின்றன. சிஸ்கோவில் விடிபி ட்ரான்ஸ்பேரண்டுக்கு மாற்றியதும் விலான் வரிகள் கோப்பிலேயே வந்துவிட்டன, ஆர்க்கைவும் ஓடுகிறது. விடுதியில் ரேக் கதவின் உட்புறம், எந்த மூன்று கோப்புகள் எதற்காக இருக்கின்றன, அப்லிங்க் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, உதவிக்கு யாரை அழைப்பது என்று தமிழில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். அதில் கடவுச்சொல் எதுவும் எழுதவில்லை.